முக்கால் கிலோமீட்டர் ஜாயின்ட்: சிகாகோவின் 'கிளவுட் கேட்' சிற்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் தெரியும் வானத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வானம் அங்கே முன்பே இருந்தது. புதிதாக உண்டானது 168 எஃகுத் தகடுகளைச் சேர்த்துச் செய்த, எங்கே சேர்த்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாத, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு மேல்தோல். அந்தத் தகடுகளை இணைத்த வெல்டிங்கின் மொத்த நீளம் 2,442 அடி, ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர். அந்த முக்கால் கிலோமீட்டரை இல்லாமல் ஆக்கியதுதான் இந்தச் சிற்பத்தின் உண்மையான வேலை என்பது என் கட்சி. சிற்பத்தின் செலவு ஏறியது, திறப்பு தள்ளிப்போனது எல்லாவற்றிலும் இந்த ஜாயின்ட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கு அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதையும் அவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் விவரங்கள். சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் நிற்கிறது. உயரம் சுமார் 10 மீட்டர், நீளம் 20, அகலம் 13. எடை ஏறக்குறைய 100 டன். நடுவில் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஒரு வளைவு. அதன் அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் மேலே தொப்புள் மாதிரி உட்குழிந்த பகுதி. பாதரசத் துளியிலிருந்து வந்த யோசனை என்று கபூர் சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பீன்', அதாவது அவரைக்கொட்டை. கபூருக்கு அந்தப் பெயர் ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊர் வைத்த பெயரை யார் மாற்ற முடியும்?

கை படாத பொருள்

தகடுகள் சேரும் கோடே தெரியக்கூடாது என்று கபூர் ஏன் நினைத்தார்? இதைப் புரிந்துகொள்ள அவருடைய பழைய வேலைகளைப் பார்க்க வேண்டும்.

1954இல் மும்பையில் பிறந்து எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனவர். 1979 வாக்கில் தொடங்கிய '1000 நேம்ஸ்' வரிசையில் கூம்பு, அரைக்கோளம், படிக்கட்டு போன்ற சிறு வடிவங்களைச் செய்து, மேலே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வண்ணப் பொடியைத் தூவினார். பொடி வடிவத்தின் மேல் மட்டும் நிற்காது, சுற்றியுள்ள தரையிலும் ஒரு வளையமாகச் சிதறிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது தரைக்கு மேலே கொண்டுவந்து வைத்த பொருளாகத் தெரியாது. தரைக்கு அடியிலிருந்து தானாக முளைத்து, நுனி மட்டும் வெளியே வந்ததுபோல் இருக்கும். உள்ளே மரமா, பிளாஸ்டரா, யார் இழைத்தார்கள் என்ற கேள்விகளையெல்லாம் பொடி மூடிவிடுகிறது.

கலைஞனின் கை தெரியக்கூடாது என்பது அன்றிலிருந்து அவர் விடாமல் பிடித்துவரும் கொள்கை. 2007இல் செய்த ஒரு படைப்புக்கு 'ஸ்வயம்ப்' என்றே பெயர் வைத்தார். டன் கணக்கில் எடையுள்ள சிவப்பு மெழுகுக் கட்டி ஒன்று தண்டவாளத்தின் மேல் மெல்ல நகரும். வழியில் உள்ள வாசல்களை விடக் கட்டி கொஞ்சம் பெரிது. நுழையும்போது வாசல் நிலை அதன் ஓரங்களைச் சீவி எடுக்கும், சீவிய மெழுகு நிலையில் அப்பிக்கொள்ளும். கட்டிக்கு உருவம் கொடுப்பது கட்டடம்தான், சிற்பி இல்லை. சுயம்பு லிங்கத்தைப் பார்த்து யாரும் செய்தவர் பெயரைக் கேட்பதில்லை. அதே இடத்தில் தன் பொருள்களும் நிற்க வேண்டும் என்பது கபூரின் ஆசை.

மெழுகில் அது எளிது. வண்ணப் பொடியில் இன்னும் எளிது. நூறு டன் எஃகில்?

தகடு வளைத்த கதை

1999இல் இந்த இடத்துக்குச் சிற்பி தேடியபோது கடைசிச் சுற்றுக்கு வந்த இருவரில் கபூர் ஒருவர், மற்றவர் ஜெஃப் கூன்ஸ். கபூரின் வரைவு தேர்வானது. தொடக்க மதிப்பீடு 60 லட்சம் டாலர். 2004இல் பூங்கா திறந்தபோது அது 1 கோடியே 15 லட்சம். எல்லாம் முடிந்து 2006இல் கணக்குப் பார்த்தால் 2 கோடியே 30 லட்சம் டாலர். அரசுப் பணம் இல்லை, நன்கொடை. அதனால்தான் இந்த ஏற்றத்தை ஊர் பொறுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

செய்து கொடுத்தது கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் ஸ்ட்ரக்சர்ஸ் நிறுவனம். முழுச் சிற்பத்தையும் அங்கேயே செய்து, கப்பலில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாகச் சுற்றி, செயின்ட் லாரன்ஸ் நீர்வழியில் நுழைந்து, மிச்சிகன் ஏரி வரை கொண்டுவருவது என்று முதலில் ஒரு திட்டம் இருந்தது. நல்ல வேளையாகக் கைவிட்டார்கள். வழியில் ஒரே ஒரு இடி பட்டிருந்தாலும் கண்ணாடிப் பரப்பு போயிருக்கும். தகடு தகடாக லாரியில் அனுப்பி, பூங்காவிலேயே சேர்ப்பது என்று முடிவானது. ஜாயின்ட் பிரச்சினை முழுக்க முழுக்கத் திறந்த வெளிக்கு வந்தது இந்த முடிவால்தான்.

தகடு ஒவ்வொன்றும் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள துருப்பிடிக்காத எஃகு, நாம் எவர்சில்வர் என்கிற வகை. ஒரு தகட்டின் எடை 450 முதல் 900 கிலோ வரை. கணினியில் வரைந்த உருவத்தின்படி உருளைகளுக்கு நடுவில் திரும்பத் திரும்ப ஓட்டி வளைத்து, ஸ்கேன் செய்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, மறுபடியும் வளைத்தார்கள். வளைவு ஒரு திசையில் மட்டும் இருந்தால் பரவாயில்லை, குழாய் செய்வதுபோல் உருட்டிவிடலாம். இங்கே ஒவ்வொரு தகடும் இரண்டு திசையிலும் வளைகிறது. அப்படி வளைக்க வேண்டுமானால் உலோகம் சில இடங்களில் நீள வேண்டும். வளைத்த தகட்டின் பின்பக்கம் விறைப்புச் சட்டங்களை வெல்டிங் செய்து, முன்பக்கத்தை ஏறக்குறைய இறுதி நிலை வரை மெருகேற்றி, பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டி லாரியில் ஏற்றினார்கள்.

இடத்திலும் ஒரு சிக்கல். அது கெட்டியான மண் தரை இல்லை. பூங்காவின் கீழே வாகன நிறுத்தமும் ரயில் பாதையும் இருக்கின்றன. சிற்பத்துக்கு நேர் கீழே ஓர் உணவகம். எடை மதிப்பீடு ஏற ஏறக் கீழே தாங்கும் அமைப்பையும் பலப்படுத்த வேண்டியிருந்தது.

சிற்பத்தின் உள்ளே இரண்டு பெரிய எஃகு வளையங்களும் அவற்றை இணைக்கும் சட்டகமும் இருக்கின்றன. தோல் இந்தச் சட்டகத்தோடு இறுக்கமாகக் கட்டப்படவில்லை, நகர இடம் விட்டிருக்கிறார்கள். காரணம் வெயிலும் குளிரும். இந்த வகை எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 17 மைக்ரோமீட்டர் விரியும். 20 மீட்டர் நீளம், கடுங்குளிருக்கும் கோடை வெயிலுக்கும் நடுவில் 60 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் இரண்டு சென்டிமீட்டர் வருகிறது. தோலை ஆங்காங்கே இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கேயாவது ஒரு புடைப்பாக வந்து நின்றிருக்கும். தகடுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. பாலங்களில் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் இடைவெளி விட்டால் கோடு தெரியும். கோடு வேண்டாம் என்ற ஒரே முடிவு உள்ளே இருக்கும் எலும்புக்கூடு வரை போய் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

கோட்டோடு திறந்த சிற்பம்

2004 ஜூலையில் பூங்கா திறப்பு. சிற்பம் தயாராகவில்லை. தகடுகள் ஏறிவிட்டன, ஆனால் மெருகேற்றும் வேலை பாக்கி. வேலைக்காகச் சுற்றிப் போட்டிருந்த கூடாரத்தைக் கழற்றி, கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்த நிலையிலேயே மக்களுக்குக் காட்டினார்கள். அரைகுறையாகக் காட்டியதில் கபூருக்கு வருத்தம். மக்களுக்கோ ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே கூடாரத்தை உடனே திரும்பப் போடாமல் அடுத்த ஆண்டு ஜனவரி வரை அப்படியே விட்டுவைத்தார்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். கோடு இருந்தபோதே கூட்டம் கூடியது, படம் எடுத்தது, சிரித்தது. அப்புறம் எதற்கு இன்னும் பல மாதங்களும் அவ்வளவு பணமும்?

கோடு இருந்தால் கண் பரப்பில் நிற்கும் என்பது என் பதில். சதுரம் சதுரமாகத் தகடுகள் தெரிந்தால், இது எவ்வளவு பெரியது, எப்படிச் செய்தார்கள், எத்தனை தகடு என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். கோடு போய்விட்டால் அளக்கப் பிடிமானம் இல்லை. பரப்பு எங்கே முடிகிறது, பிம்பம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மேற்பரப்பில் 80 சதவீதம் வானத்தைப் பிரதிபலிப்பதாகப் பூங்காத் தரப்பு சொல்கிறது. அந்த 80 சதவீதமும் வானமாகவே தெரிய வேண்டுமானால் அதன் குறுக்கே ஒரு கோடுகூட ஓடக்கூடாது. கபூர் இதில் பிடிவாதமாக இருந்தது சரிதான்.

அழிப்பு வேலை

கண்ணாடிப் பரப்பில் வெல்டிங்கை மறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். பெயின்ட் அடித்த பரப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு மேடு பள்ளம், கண்ணாடிப் பரப்பில் தெரியும் நேரான கட்டடத்தை நெளிய வைத்துவிடும். இது போதாதென்று எவர்சில்வரின் குணமும் ஒத்துழைக்காது. சாதாரண எஃகை விட இது சூட்டில் அதிகம் விரியும், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வெல்டிங் செய்த இடத்திலேயே சூடு தேங்கி நிற்கும், ஆறும்போது அந்த இடம் சுருங்கிப் பக்கத்துத் தகட்டை உள்ளே இழுக்கும். ஜாயின்ட்டை ஒட்டி இரு பக்கமும் ஒரு மெல்லிய பள்ளம் விழும்.

அதைக் குறைக்கத்தான் வழக்கமான வெல்டிங் துப்பாக்கிக்குப் பதில் 'கீஹோல்' முறையில் வேலை செய்யும் இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். இந்த முறையில் ஒடுக்கமான சுடர் தகட்டின் முழுத் தடிமனையும் துளைத்துக்கொண்டு நகரும், உருகிய உலோகம் பின்னாலேயே வந்து துளையை மூடிவிடும். சூடு பரவும் இடம் சிறியது, அதனால் கோணல் குறைவு. தகடுகள் ஒன்றோடொன்று அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதால் பூங்காவில் வைத்து வெட்டவோ ஒட்டுப்போடவோ தேவைப்படவில்லை என்கிறார்கள். ஓக்லாந்தில் வளைத்தவர்களின் கைத்திறன் இங்கேதான் தெரிகிறது.

அடுத்து தேய்ப்பு. 2005இல் இரும்பு வேலைத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த 24 பேர் கூடாரத்துக்குள் நின்று செய்த வேலை இது. ஐந்து கட்டங்கள். முதலில் நாலரை அங்குல கிரைண்டரில் 40ஆம் நம்பர் வட்டு போட்டு வெல்டிங் மேட்டைச் சீவினார்கள் (நம்பர் ஏற ஏறச் சொரசொரப்பு குறையும்). இந்தக் கட்டத்தில் பரப்பு மெருகேறாது, பார்க்க இன்னும் மோசமாகத்தான் ஆகும். பளபளவென்றிருந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் கீறல் விழுந்த ஒரு பட்டை உண்டாகும். இரண்டாம் கட்டத்தில் காற்றழுத்தத்தில் ஓடும் பெல்ட், 80, 100, 120 என்று நம்பர் ஏறும். இப்போது ஜாயின்ட்டின் வளைவை அக்கம்பக்கத்துத் தகட்டின் வளைவோடு ஒத்துவரச் செய்ய வேண்டும். மூன்றாம் கட்டத்தில் இன்னும் குறுகிய பெல்ட்டில் நுணுக்கமாக உருவம் திருத்துவது. நான்காவதில் 400, 600, 800 நம்பர் தாள் போட்ட சாண்டர். கடைசியில் மெருகேற்றும் பஃப் சக்கரமும் ரூஜ் என்ற மெருகுப் பசையும்.

நம்பர்களைக் கேட்டால் சுலபமாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு நம்பரின் வேலையும் முந்தைய நம்பர் போட்ட கீறலை எடுப்பது, அதற்கு மேல் எதுவும் இல்லை. 120இல் விட்டுப்போன ஒரே ஒரு கீறல் 800 வரை ஒளிந்திருந்து, பஃப் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும். அப்போது திரும்பவும் கீழ் நம்பருக்கு இறங்க வேண்டியதுதான். வெல்டிங் கோட்டை மட்டும் தேய்த்தால் அந்த இடம் வாய்க்காலாகிவிடும். அதனால் தேய்ப்பை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்று கணினி சொல்லாது. பக்கத்தில் தெரியும் ஒரு நேர்கோட்டின் பிம்பம் நெளியாமல் ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிப்பரப்பு 2005 ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது. அடிப்புறக் குழிவு அதன் பிறகும் இழுத்தது. முறைப்படி சிற்பத்தை அர்ப்பணித்தது 2006 மே 15இல்.

சிற்பியின் கை தெரியக்கூடாது என்ற கொள்கைக்காக அழிக்கப்பட்டது சிற்பியின் கையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழிந்தது வெல்டரின் கை, தேய்த்தவரின் கை. தாங்கள் வேலை செய்ததற்கான ஒரே தடயத்தைத் தாங்களே தேய்த்து எடுத்தார்கள். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இந்த அளவுச் சிற்பம் எதையும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, கபூரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் 'மாயம்', 'வானத்திலிருந்து விழுந்த துளி' என்றெல்லாம் இதைப் புகழ்ந்து எழுதும்போது அந்த 24 பேர் எங்கேயும் வருவதில்லை.

ஜாயின்ட்டை மறைக்காதவர்கள்

எஃகை எடுத்தாலே இப்படித்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. 2024இல் மறைந்த சிற்பி ரிச்சர்ட் செர்ரா எஃகையே, ஆனால் துரு ஏறும் வகையை, நேர் எதிர்த் திசையில் கொண்டுபோனார். அவருடைய 'டார்க்ட் எலிப்ஸ்' சிற்பங்களில் இரண்டு அங்குலத் தடிமனுள்ள தகடுகள் முறுக்கி வளைக்கப்பட்டு, பெரும்பாலும் தங்கள் எடையாலும் வளைவாலும் மட்டுமே நிற்கின்றன. தகடும் தகடும் சந்திக்கும் இடம் பட்டவர்த்தனமாகத் தெரியும். துரு ஏறும், வருடா வருடம் நிறம் மாறும். முதல் தகடுகளைக் கப்பல் கட்டும் தளத்து உருளைகளில் வளைத்தார்கள். அந்த இயந்திரத்தின் பலத்தையும் எஃகின் எடையையும் பக்கத்தில் நிற்பவர் உடம்பாலேயே உணர வேண்டும் என்பது செர்ராவின் எண்ணம். கபூரிடம் எடை மறைகிறது, செர்ராவிடம் எடைதான் விஷயமே.

எல் அனட்சுயி இன்னொரு பக்கம். கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகளை நசுக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் பின்னி, சுவர் நிறையத் தொங்கும் விரிப்புகளாக்குகிறார். அவருடைய பொருள் மூடிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கம்பி என்பேன். கம்பி இறுகாமல் நெகிழ்வாக இருப்பதால்தான் விரிப்பு மடிகிறது, ஒவ்வொரு காட்சியிலும் வேறு உருவம் எடுக்கிறது. எப்படித் தொங்கவிடுவது என்பதை மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுவது அவர் வழக்கம். சிகாகோவில் இரண்டு சென்டிமீட்டர் நகர்வை அடக்க உள்ளே ஒரு தனிச் சட்டகமே தேவைப்பட்டது. அனட்சுயியிடம் நகர்வுதான் உருவம்.

நியூயார்க்கின் தம்பி

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகக் கபூரே இன்னொன்றும் செய்திருக்கிறார். நியூயார்க்கில் 56 லெனார்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் மூலையில், மேலே உள்ள தளம் அழுத்தி நசுக்கியதுபோல் பிதுங்கி நிற்கும் ஒரு கண்ணாடி எஃகுச் சிற்பம். 2023 தொடக்கத்தில் முடிந்தது. 38 தகடுகள், சுமார் 40 டன். உருவத்தில் சிகாகோவின் தம்பி. ஆனால் தகடுகளுக்கு நடுவில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன.

அந்தக் கோடுகள் எவ்வளவு மெல்லியவை என்றாலும் பார்வை அங்கே போய்த்தான் நிற்கிறது. சிகாகோவில் 'இது என்ன?' என்று கேட்கத் தோன்றும். நியூயார்க்கில் 'இதை எப்படிச் சேர்த்தார்கள்?' என்று கேட்கத் தோன்றும். 2004இல் கோடுகளோடு திறந்த அரைகுறைச் சிற்பம் அப்படியே விடப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு இதை விட நல்ல சான்று கிடைக்காது. நல்ல சிற்பம்தான், கூட்டமும் வந்திருக்கும். ஆனால் சாமர்த்தியமாகச் செய்த ஒரு பொருள் என்ற அளவில் நின்றிருக்கும்.

சிகாகோவில் கோடின்மை எந்த அளவுக்கு மனதில் பதிந்துவிட்டது என்றால், 2024 ஜனவரியில் சிலர் சிற்பத்தின் முன்னால் கூடி, கட்டும்போதே உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார், அவரை விடுதலை செய்யுங்கள் என்று பதாகை பிடித்து விளையாட்டாகப் போராட்டம் நடத்தினார்கள். நியூயார்க் சிற்பத்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டு எடுபடுமா தெரியவில்லை.

பராமரிப்பு

கண்ணாடிப் பரப்பைப் பொது இடத்தில் வைத்தால் அதைத் தொடாதவர் யார்? கீழ்ப்பகுதியில் ஆறடி உயரம் வரை தினமும் கையால் துடைக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை முழுச் சிற்பத்துக்கும் சோப்புத் தண்ணீர்க் குளியல். கைரேகை பிரச்சினை இல்லை, துடைத்தால் போய்விடும். கீறல்தான் பிரச்சினை. 2009இல் யாரோ பரப்பில் பெயர்களைக் கீறிவைத்தார்கள். 2019இல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட்டைக் கழுவிவிடலாம். கீறலுக்கு மேல்பூச்சு வேலைக்கு ஆகாது, ஏனென்றால் மேலே பூச்சு என்று எதுவுமே இல்லை, எஃகேதான் கண்ணாடி. கீறின ஆழத்துக்குச் சுற்றுப்புறத்தையும் சேர்த்து இறக்கி, நம்பர் நம்பராக ஏற்றி, பஃப் வரை வந்தாக வேண்டும்.

தகடு 10 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் அப்படிப் பலமுறை செய்ய இடம் இருக்கிறது. மெல்லிய தகட்டை ஒட்டி மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்திருந்தால் தொடக்கச் செலவு குறைந்திருக்கும், முதல் கீறலோடு சங்கதி முடிந்திருக்கும். பொது இடத்தில் கண்ணாடிச் சிற்பம் வைக்க நினைக்கும் எந்த நகராட்சியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிற்பியிடம் தகட்டின் தடிமனைக் கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு தேய்க்கத் தெரிந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.